கவர்னருக்கு ஒருவர் பெயரும் தெரியாது

அத்தியாயம் 14

சென்ற வாரம் சந்திரவதனா சமையல் நடக்கும் குசினி மேசையில் இருந்து எழுதிய அந்த இரண்டு வரிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

"கவர்னர் வின்டர்பர்ன் இந்தக் காலனியின் குடியேறிகள் அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர். அவருக்கு அட்டை தேவையில்லை."

பச்சைப் பொய். சிட்னிக்கு மேற்கே ஆற்றங்கரையில் நிற்கும் வின்டர்பர்ன் மாளிகையில் சந்திரவதனா எட்டு வருடமாக வழிகாட்டி. பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு தேதியைக்கூட மாற்றிச் சொன்னதில்லை. அப்படிப்பட்ட மனுசி மாளிகையில் நடிக்கப்போகும் கவர்னர் நாடகத்தின் அறிவிப்பில் தெரிந்துகொண்டே ஒரு பொய்யை எழுதி, மாளிகைக் குழுத் தலைவி ஜுடித்திடம் ஒப்புதலும் வாங்கிவிட்டார். சந்திரவதனா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று ஜுடித் வாசித்தும் பார்க்கவில்லை.

உண்மையில் வின்டர்பர்ன் ஒருவர் பெயரையும் உருப்படியாகச் சொன்னவரில்லை. விருந்து மேசையில் ஒரு பெரிய ஆட்டுப் பண்ணைக்காரரை அவருடைய பரம எதிரியின் பெயரால் கூப்பிட்டவர். அந்த ஆள் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து போனார். லண்டனுக்கு முறைப்பாடு எழுதினார், நண்பர்களையும் எழுத வைத்தார். கடைசியில் கவர்னர் மூட்டை கட்டினார். நிலம், வரி, சட்டசபை என்று அந்தக் காலப் பத்திரிகைகள் காரணம் போடும். உள்ளே போய்ப் பார்த்தால் யாரோ ஒருவருக்கு விருந்தில் மரியாதை குறைந்திருக்கும்.

சந்திரவதனாவின் கோபமும் மரியாதையைப் பற்றியதுதான். தன்னுடையதல்ல, கணவர் அரியரத்தினத்தின் மரியாதை.

நாலு வருடத்துக்கு முன் அரியரத்தினம் இருதயத்தில் சத்திரசிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். சிட்னியின் செவன் ஹில்ஸ் பக்கத்துத் தமிழர்களுக்கு ஒரு மண்டபம் வேண்டுமென்று ஓடி ஓடிக் கட்டியவர் அவர். தலைவரும் அவர்தான். அவர் கட்டிலில் கிடந்த அதே வாரம் அவருடைய சொந்தத் தம்பி சிறிதரன் பொதுக்கூட்டம் கூட்டினார். மைக்கைப் பிடித்தார்.

"அண்ணைக்கு இப்ப ஞாபகம் தடுமாறுது. அவரை இனிக் கரைச்சல்படுத்தக் கூடாது."

அவருக்கு இனித் தொல்லை வேண்டாம் என்று சபையும் உச்சுக் கொட்டியது. தலைவர் கதிரை தம்பிக்குப் போனது. அந்தக் கதிரையில் ஏறி அவர் நகரசபைக்குப் போனார். இப்போது மாநிலப் பாராளுமன்றத்துக்குக் கட்சி வேட்பாளராக நிற்கப் பார்க்கிறார்.

அரியரத்தினம் வீடு திரும்பியபோது ஊர் அவரோடு வேறு மாதிரிக் கதைத்தது. சத்தமாக, மெதுவாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல. "அண்ணை, நான் ஆர் எண்டு தெரியுதோ?" கடையில் வைத்துக் கேட்டார்கள், கோயிலில் வைத்துக் கேட்டார்கள். மனிதர் வெளியே போவதையே விட்டுவிட்டார். சந்திரவதனா அன்றிலிருந்து ஒரு நாளுக்காகக் காத்திருந்தார்.

அந்த நாள் இந்த ஞாயிற்றுக்கிழமை. மாளிகையில் அந்தக் கால மகாராணி பிறந்தநாளை நடித்துக் காட்டுகிறார்கள், கவர்னர் வேடம் சிறிதரனுக்கு.

"இண்டைக்கு என்ன கிழமை?" அரியரத்தினம் சோபாவில் இருந்து கேட்டார். கறுப்புக் கோட்டும் கழுத்துத் துணியுமாக ஆயத்தமாகிவிட்டிருந்தார்.

"ஞாயிறு. இப்பத்தானே சொன்னனான்." சந்திரவதனா அவருடைய கழுத்துத் துணியை நேராக்கினார். நாலு சுவருக்குள் அடைந்து கிடக்கிற மனிதருக்குக் கிழமை எப்படித் தெரியும்? அதற்கும் சேர்த்துத்தான் இன்றைக்குக் கணக்குத் தீர்க்கப் போகிறார்.

மாடியிலிருந்து தாரிணி இறங்கி வந்தாள். இருபத்துநாலு வயது. சிவப்புக் கோட்டு, தங்கப் பொத்தான், ஒட்டுமீசை. கவர்னரின் உதவி அதிகாரி அவள்தான். நிஜ வாழ்க்கையிலும் கிட்டத்தட்ட அதே வேலை. சித்தப்பா சிறிதரனின் நகரசபை அலுவலகத்தில் எல்லாவற்றையும் அவள்தான் ஓடியாடிச் செய்கிறாள். தாயின் திட்டம் அவளுக்குத் தெரியாது.

"அம்மா, ஐ'ம் ஸோ லேட். சித்தப்பா மூண்டு தரம் கோல் எடுத்திட்டார்."

"பிள்ளை, தொப்பி கிடக்குது," என்றார் அரியரத்தினம்.

"தாங்ஸ், அப்பா." அவள் அவருடைய தலையில் ஒரு முத்தம் வைத்துவிட்டுத் தொப்பியைப் பறித்துக்கொண்டு ஓடினாள்.

சந்திரவதனா கணவரைப் பார்த்தார். இவருக்கா ஞாபகம் தடுமாறுகிறது? போன வாரம் மண்டபத் திறப்புவிழாப் படத்தை எடுத்து வைத்துக் கேட்டபோது விரலை வைத்து வைத்துச் சொன்னாரே. இன்னார், இன்ன ஊர், இன்னாருக்குத் தம்பி. முன்வரிசையில் பல்லு விழுந்து சிரித்துக்கொண்டு நின்ற சின்னத் தாரிணியை மட்டும் தாண்டிப் போனார். சொந்த மகளைப் பெயர் சொல்லிக் காட்ட என்ன இருக்கிறது?

"வாங்கோ, போவம்," என்றார் சந்திரவதனா.

"எங்கை?"

"உங்கடை மரியாதையை எடுக்க."

*

மாளிகையின் பின்னறையில் சிறிதரன் கண்ணாடி முன் நின்றார். வெள்ளி வேலைப்பாடு செய்த நீலக் கோட்டு, இடுப்பில் வாள், தலையில் வெள்ளை இறகு வைத்த பெரிய தொப்பி. அவருடைய மனைவி லக்ஷ்மிப்ரியா கோயம்புத்தூர்க்காரி, வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு கோட்டின் பின்பக்கத்தைப் பிடித்துக் குத்திக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்த இறகு எந்தப் பக்கம் சாயணும்? இவரு வந்ததுல இருந்து ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திக் கேக்கறாருங்க."

"நேரா நிக்கட்டும், ப்ரியா," என்றார் உள்ளே வந்த சந்திரவதனா.

"எப்பிடி அண்ணி?" சிறிதரன் திரும்பினார். "கவர்னர் மாதிரி இருக்கிறனோ?"

"அச்சொட்டாக் கவர்னர்தான்."

அந்த அறையில் சந்திரவதனா சொன்ன ஒரே உண்மை அதுதான்.

சிறிதரன் கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. ஒரு கலியாண வீட்டுக்குள் நுழைந்தால் "அங்கிள், எப்பிடிச் சுகம்? அன்ரி, மெலிஞ்சு போனீங்கள்! தம்பி, படிப்பு எப்பிடி?" என்று கடைசிக் கதிரை வரைக்கும் போய்விடுவார். ஒவ்வொருவருக்கும் தன்னைத்தான் தனியாகக் கவனித்தார் என்று தோன்றும். ஆனால் ஒரு பெயர் வாயில் வராது. நம்மவர்களுக்கு அது குறையாகவும் படாது. மூத்தவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமா நமக்கு? உறவு வைத்து அழைத்தால் அதுதான் மரியாதை. இப்படியே ஒரு மனிதர் வருடக்கணக்கில் ஊருக்குத் தலைவராக இருக்கலாம், ஒருவருடைய பெயரும் தெரியாமல்.

சந்திரவதனா மட்டும் இதைக் கவனித்து மனதில் போட்டு வைத்திருந்தார்.

"வெளியிலை கட்சிக்காரர் வந்திருக்கினம்," சிறிதரன் குரலைத் தாழ்த்தினார். "அந்த நீலக் கோட்டுப் பெண்மணிதான் வேட்பாளரைத் தீர்மானிக்கிறவ. தமிழ்ச் சனம் என்னை எப்பிடி மதிக்குது எண்டு பாக்க வேணுமாம்."

"வடிவாப் பாக்கட்டும்."

அவர் வாசற்பக்கம் எட்டிப் பார்த்தார். புல்வெளியில் அரியரத்தினம் ஒரு கதிரையில் தனியாக இருந்தார். சிறிதரனின் முகம் மாறியது.

"அண்ணையை ஏன் கூட்டிக்கொண்டு வந்தனீங்கள்? இவ்வளவு சனத்துக்குள்ளை அவருக்குக் கரைச்சல், அண்ணி."

நாலு வருடத்துக்கு முன் சொன்ன அதே சொல். சந்திரவதனா சிரித்தார்.

"உம்மடை பட்டாபிசேகத்தை அவர் பாக்க வேண்டாமே?"

அந்த நேரம் தாரிணி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அம்மா, என்ரை காட்ஸ் எங்கை? ஆக்களிட்டைக் கேட்டால் கேற்றிலை நீங்கள் ரெண்டையும் வாங்கிட்டீங்களாம்!"

"ஜுடித் சொல்லுவா. நீ போய் உன்ரை இடத்திலை நில்."

இந்த அட்டை விசயத்தைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் காலத்தில் மகாராணியின் பிறந்தநாளுக்குக் காலனியில் பெரிய மனிதர்கள் எல்லோரும் கவர்னரைக் கண்டு வணங்கப் போவார்கள். ஆளுக்கு இரண்டு பெயரட்டை. ஒன்றை வாசலில் தட்டில் போட வேண்டும். மற்றதைக் கவர்னருக்குப் பக்கத்தில் நிற்கும் உதவி அதிகாரியிடம் கொடுக்க வேண்டும். அவர் உரத்து வாசிப்பார், கவர்னர் தலையசைப்பார். அடுத்த நாள் பத்திரிகையில் பெயர் வரும். பெயர் வாசிக்கப்படாதவன் போகாதவன்தான். கைதியாகக் கப்பலில் வந்து பிறகு எத்தனை ஆயிரம் ஆடு வைத்திருந்தாலும் அவன் பெயரை அங்கே வாசிக்கவே கூடாது என்று ஒரு கூட்டம் கவர்னர்மாரோடு வருடக்கணக்காக மல்லுக்கட்டியது. அதே பிறந்தநாளில், இந்த மண்ணுக்கே சொந்தக்காரர்களான பழங்குடிகளுக்கு ஆளுக்கொரு கம்பளிப் போர்வையைக் கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் பெயரை ஒருவரும் கேட்கவில்லை.

ஆக, கவர்னரின் மரியாதை முழுவதும் பக்கத்தில் நின்று பெயர் வாசிக்கிறவரின் கையில் இருந்தது. சந்திரவதனா அந்தக் கையை வெறுங்கையாக்கிவிட்டார்.

*

பகல் வெயில் இதமாக இருந்தது. மாளிகை விறாந்தையின் நடுவில் சிறிதரன் ஒரு காலை முன்வைத்து நின்றார். பக்கத்தில் தாரிணி. படிக்குக் கீழே புல்வெளியில், தொப்பியும் குடையும் நீள அங்கியுமாக ஊர்ச் சனம் வரிசை கட்டி நின்றது. அந்தக் காலத்தில் பெண்களுக்கு இந்த வரிசையில் இடமில்லை. ஆனால் இடமில்லை என்று நம்முடைய அன்ரிமாரிடம் சொல்லிப் பார்க்க யாருக்குத் துணிவு?

முன்வரிசையில் நீலக் கோட்டுப் பெண்மணி. மற்றவர்கள் எல்லோர் கையிலும் தூக்கிப் பிடித்த போன்.

ஜுடித் மைக்கில் வாசித்தார். மகாராணியின் பிறந்தநாள், கவர்னரின் பெருமை, கடைசியில் அந்த வரிகள். குடியேறிகள் அத்தனை பேரையும் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர். அவருக்கு அட்டை தேவையில்லை.

சனம் கைதட்டியது. சிறிதரனும் பழக்கதோசத்தில் கைதட்டினார். பிறகுதான் அவருக்கு அது விளங்கியது. அவர் தாரிணியைப் பார்த்தார். அவள் வெறும் கையை விரித்துக் காட்டினாள்.

முதல் ஆள் படியேறினார். வயதானவர், மெலிந்தவர். சிறிதரனின் இரண்டு தேர்தலுக்கும் மழைக்குள் நின்று சுவரொட்டி கட்டியவர்.

"வாங்கோ அண்ணை, வாங்கோ!" சிறிதரன் இரண்டு கையையும் நீட்டினார்.

"பெயர்! பெயர்!" என்று ஜுடித் உற்சாகமாகக் கத்தினார். சனம் சிரித்தது.

சிறிதரனும் சிரித்தார். "இவரைத் தெரியாதோ? இவர் எங்கடை... மிஸ்டர் செல்வநாதன்!"

கிழவர் தான் நீட்டிய கையைத் திருப்பி எடுத்துக்கொண்டார். "செந்தில்நாதன்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஒதுங்கி நின்றார்.

அடுத்து ஒரு பெண். மண்டபத்தில் எந்த விழா என்றாலும் அவருடைய வீட்டிலிருந்துதான் இடியப்பம் வரும்.

"அன்ரி!" என்றார் சிறிதரன். வேர்வை இறகுத் தொப்பிக்குக் கீழே வழிந்தது. "இடியப்ப அன்ரி!"

"எனக்கு அம்மா அப்பா வைச்ச பேர் ஒண்டு கிடக்குது, தம்பி. எத்தினை வருசமா உம்மடை கூட்டத்துக்கெல்லாம் அவிச்சுக் கொட்டுறன். அது உமக்குத் தெரியாதோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. மூன்றாவது ஆள் ஒரு மலேசியத் தமிழர், ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். அவரிடமும் தோற்றார். நாலாவது ஆளை வெறும் "சேர்" என்று அழைத்துப் பார்த்தார். வரிசைக்குள் ஒரு முனகல் கிளம்பிப் பின்னால் போனது. பின்னால் நின்றவர்கள் அதைப் பெரிதாக்கினார்கள். நீலக் கோட்டுப் பெண்மணி பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கேட்டார், அவர் தோளைக் குலுக்கினார்.

லக்ஷ்மிப்ரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு சந்திரவதனாவிடம் வந்தாள். "அக்கா, அந்தக் கார்டுகளைக் குடுத்துருங்க. போதும். அவரு மூஞ்சியப் பாருங்க."

"பாத்துக்கொண்டுதான் நிக்கிறன், ப்ரியா."

பார்த்துக்கொண்டுதான் நின்றார். இனித்தது. பொய் சொல்வானேன், தேன் குடித்த மாதிரி இனித்தது. கடையிலும் கோயிலிலும் அரியரத்தினம் தலையைக் குனிந்துகொண்டு நின்ற ஒவ்வொரு தடவைக்கும் ஒரு சொட்டு.

அவர் நடந்து போய் ஜுடித்தின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"சபையோர் மன்னிக்க வேணும்," என்றார். "கவர்னருக்கு இப்ப ஞாபகம் தடுமாறுது. அவரை இனிக் கரைச்சல்படுத்தக் கூடாது."

கூட்டத்தில் பாதிப் பேர் அன்றைய பொதுக்கூட்டத்தில் இருந்தவர்கள். முதலில் இடியப்ப அன்ரி வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு யாரையும் பிடிக்க முடியவில்லை. சிறிதரன் வாளைப் பிடித்தபடி நின்றார், கண் மட்டும் சந்திரவதனாவைப் பார்த்தது.

"லண்டனிலை இருந்து கட்டளை வந்திருக்குது!" சந்திரவதனா தொடர்ந்தார். "இந்தக் கவர்னர் திருப்பி அழைக்கப்படுறார். அவரிட்டை இருந்து பொறுப்பெடுக்க மற்றக் கவர்னர் வாறார்."

அவரே போய்க் கதிரையிலிருந்து கணவரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். விறாந்தையில் ஏற்றினார். சிறிதரனின் தலையிலிருந்து இறகுத் தொப்பியைக் கழற்றி அரியரத்தினத்தின் தலையில் வைத்தார். சிறிதரன் தடுக்கவில்லை.

"ஆக்களைப் பாத்துச் சொல்லுங்கோ," என்று காதில் சொன்னார். "படத்திலை சொன்ன மாதிரி."

அரியரத்தினம் வரிசையைப் பார்த்தார். அவருடைய முதுகு நிமிர்ந்தது. சந்திரவதனா வருடக்கணக்காகக் காணாத நிமிர்வு.

"செந்தில்நாதன்! கரவெட்டி. உம்மடை தமையன் தபால் கந்தோரிலை இருந்தவர். கொஞ்சம் கோபக்காரன்."

செந்தில்நாதன் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"யுவனேஸ்வரி. அளவெட்டி. மண்டபத்துக்கு முதல் அத்திவாரக் கல்லு வைக்கேக்கை குத்துவிளக்கு உம்மடை வீட்டிலை இருந்துதான் வந்தது."

யுவனேஸ்வரிக்கு, அதுதான் இடியப்ப அன்ரிக்கு, கண்ணீர் வந்துவிட்டது.

"சூசை. கிள்ளான். சும்மா இருக்கேக்கையும் விசில் அடிக்கிற ஆள்."

"அடேயப்பா!" ரயில் ஓட்டுநர் சூசை கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். "இவருக்கா மறதின்னு சொன்னாங்க? நமக்குத்தான் லா மறதி!"

ஒருவர் விடாமல் சொன்னார். பெயர், ஊர், உறவு. சனம் ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டியது. நீலக் கோட்டுப் பெண்மணி எழுந்து நின்று கைதட்டிவிட்டு, அந்தப் பெரியவர் யார் என்று ஜுடித்திடம் கேட்டார். சிறிதரன் பக்கம் அவர் பிறகு திரும்பவில்லை.

"அடுத்த ஞாயிறு பொதுக்கூட்டம்!" செந்தில்நாதன் படியில் ஏறி நின்று கையை உயர்த்தினார். "அண்ணைதான் திரும்பவும் தலைவர்! ஆருக்கும் மறுப்பு இருக்கோ?"

ஒருவருக்கும் இல்லை. சந்திரவதனா தூணைப் பிடித்துக்கொண்டார். நாலு வருடம் காத்திருந்து கிடைத்தது முழுசாகக் கிடைத்தது.

கடைசிச் சடங்கு ஒன்று பாக்கி இருந்தது. உதவி அதிகாரி கவர்னரை வணங்க, கவர்னர் அவரைப் பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும். அதோடு முடிவு. தாரிணிக்குச் சித்தப்பாவின் நிலையைப் பார்க்கச் சகிக்கவில்லை, தாயை முறைத்துக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கும் சிரிப்பு வந்தது. தொப்பியைக் கழற்றினாள். ஒட்டுமீசையைப் பிய்த்து எறிந்தாள். நீளக் கூந்தல் தோளில் விழ, அப்பாவின் முன்னால் குனிந்து வணங்கினாள்.

அரியரத்தினம் அவளைப் பார்த்தார். கனிவாகப் பார்த்தார்.

"பிள்ளை," என்றார். "நீங்கள் ஆற்றை மகள்?"

புல்வெளி வெடித்துச் சிரித்தது. சூசை விசிலே அடித்துவிட்டார். சொந்த மகளையே யாருடைய மகள் என்று கேட்கிறாரே, கவர்னர் வேடத்தில் என்ன பகிடி! யுவனேஸ்வரி கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

தாரிணியும் சிரித்தாள். "அப்பா!" என்றாள்.

அரியரத்தினம் சிரிக்கவில்லை. மரியாதையாக, பதிலுக்குக் காத்திருந்தார். "இல்லை, முகத்தைப் பாத்தால் தெரிஞ்ச ஆக்களின்ரை சாயல் கிடக்குது. எந்த ஊர் நீங்கள்?"

தாரிணியின் சிரிப்பு பாதியில் நின்றது.

சந்திரவதனா தூணை விடவில்லை. பிள்ளை, பிள்ளை என்றுதானே அவர் கூப்பிடுகிறார். தாரிணி என்று கடைசியாக எப்போது சொன்னார்? போன வருடமா? அதற்கு முந்தியா? ஞாபகம் வரவில்லை. படத்தில் பல்லு விழுந்த குழந்தையை அவர் தாண்டிப் போனது ஞாபகம் வந்தது. பிள்ளை என்று கூப்பிட்டால் பெயர் மறந்தது யாருக்குத் தெரியும்? அங்கிள், அன்ரி என்று ஊரைச் சமாளித்தவனைச் சந்திரவதனா கவனித்தார். தன்னுடைய வீட்டுக்குள் நடந்ததைக் கவனிக்கவில்லை.

பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. சிறிதரன். தொப்பி இல்லாத தலையில் மயிர் வேர்வையில் ஒட்டிக் கிடந்தது.

"ஆஸ்பத்திரியிலை என்னையும் இப்பிடித்தான் கேட்டவர்," என்றார் தாழ்ந்த குரலில். "ஒப்பரேசன் முடிஞ்சு மூண்டாம் நாள். தம்பி, நீங்கள் எந்த ஊர் எண்டு. பொய் சொன்னனான் எண்டுதானே இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனீங்கள்?"

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொல்லியிருந்தால் நம்பியிருப்பீங்களோ?"

"நம்பியிருக்க மாட்டன்." சந்திரவதனா திரும்பி அவரை நேராகப் பார்த்தார். "ஆனால் என்ரை குசினிக்குள்ளை வந்து சொல்லியிருக்கலாம். மைக்கிலை சொன்னனீர். சொல்லிப்போட்டு அவரின்ரை கதிரையிலை இருந்தனீர். மறதி உண்மையா இருக்கட்டும், சிறி. நீர் செய்தது களவு. அதை நான் இண்டைக்கும் மன்னிக்கேல்லை, நாளைக்கும் மாட்டன்."

சிறிதரன் வாளை இடுப்பிலிருந்து கழற்றி விறாந்தைக் கம்பியில் சாத்தி வைத்தார்.

"நானும் மாட்டன், அண்ணி. இண்டைக்கு என்ரை வாழ்க்கையை முடிச்சுப் போட்டீங்கள். பரவாயில்லை." அவர் கூட்டத்தைக் காட்டினார். செந்தில்நாதனும் சூசையும் அரியரத்தினத்தைத் தோளில் தூக்காத குறையாகச் சுற்றி நின்றார்கள். "அடுத்த ஞாயிறு அண்ணையை மேடையிலை ஏத்தப் போகினம். ஒரு மணித்தியாலம் பேச விடுவினம். கேள்வி கேப்பினம். நான் வாயே திறக்க மாட்டன். அண்ணைக்கு முடியாது எண்டு ஆராவது மைக்கிலை சொல்ல வேணுமெண்டால், இந்த முறை நீங்கள் சொல்லுங்கோ."

அவர் படியிறங்கிப் போனார். லக்ஷ்மிப்ரியா சந்திரவதனாவின் பக்கம் பார்க்காமல் அவருக்குப் பின்னால் போனாள். தாரிணி நடுவில் நின்றாள், எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல்.

"தலைவரே, அடுத்த ஞாயிறு வருவீங்கள்தானே?" செந்தில்நாதனின் குரல்.

"ஓம், ஓம். கட்டாயம் வாறன்," என்றார் அரியரத்தினம். இறகுத் தொப்பி ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. அவர் கூட்டத்துக்கு மேலாகத் தேடி, மனைவியைக் கண்டுபிடித்துக் கையசைத்தார். "இஞ்சேர்! இவையள் என்னைக் கூப்பிடினம். போவமோ?"

சந்திரவதனா கிட்டப் போனார். தொப்பியை நேராக்குவது போல அவருடைய முகத்துக்கு அருகில் குனிந்தார்.

"போவம். முதல் என்ரை பேரை ஒருக்கால் சொல்லுங்கோ."

அரியரத்தினம் சிரித்தார். அவருடைய கையைப் பிடித்துத் தட்டிக் கொடுத்தார்.

"என்ன விசர்க் கதை கதைக்கிறீர்? உம்மடை பேர் எனக்குத் தெரியாதே?"

சந்திரவதனா காத்துக்கொண்டு நின்றார். அரியரத்தினம் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.